வர்ணனைக்கு அடியில் ஒரு குரல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. வாய் மட்டும் வடியவில்லை. நீ அனுப்பிய ஒலிப்பதிவு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு வரிகூட நீ எழுதாததால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் பாடத்தில் நீ எடுத்த கல்குவாரிப் படத்தைப் போட்டேன். ஆவணப்படம் காட்டுவதென்றால் பொத்தானை அமுக்கிவிட்டு நாற்காலியில் சாய்வது என்று மற்ற ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். ஜன்னலுக்கெல்லாம் சார்ட் ஒட்ட வேண்டும். புரொஜெக்டர் சூடேறி அணைவதற்குள் முடிக்க வேண்டும். விளக்கை அணைத்தால் பாதி வகுப்பு தூங்கிவிடும். அதனால் ஐந்தைந்து நிமிடத் துண்டாகக் காட்டுவேன். முதல் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு, "என்ன தெரியுதுன்னு நீங்களே சொல்லுங்க" என்பேன். அப்போதுதான் கண்ணைத் திறந்து பார்ப்பார்கள்.

அன்றும் ஆளாளுக்கு "லாரி", "தூசி", "யாரும் முகமூடி போடல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வருகைப் பதிவுக்குக்கூட வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்குகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் எழுந்து நின்று, "டீச்சர், அது எங்கப்பா" என்றாள். ஒருவர் குனிந்து இருமிவிட்டு, கேமராவைப் பார்த்து ஏதோ சொல்வாரே, அவர். இறந்து இரண்டு வருடமாகிறதாம். படத்தை நிறுத்தினேன். அவர் முகம் அப்படியே சுவரில் நின்றுவிட்டது.

மறுநாள் அவள் அம்மா, தையல் கம்பெனியில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துத் தலைமையாசிரியர் மெல்ல நழுவினார். அந்த அம்மாவோ மகளுடைய பெஞ்சில் உட்கார்ந்து, "சத்தத்தோட போடுங்க டீச்சர். அவர் என்ன சொல்றார்னு கேக்கணும்" என்றார். போட்டேன். அவர் வாயசைக்கிற அந்த இடத்தில், நுரையீரல் நோய் வந்தவர்களின் எண்ணிக்கையை வர்ணனைக் குரல் வாசித்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அசல் ஒலியைத் தேடிக்கொடு என்று உன்னை நச்சரித்தேன்.

நீ அனுப்பியதை ஆசிரியர் அறையில் நான்தான் முதலில் கேட்டேன். இயந்திர இரைச்சலுக்கு நடுவே அந்த அப்பாவின் குரல், உன்னிடம் சொல்கிறது:

"தம்பி, இருமுறத எடுக்காதீங்க. வீட்டுல பாத்தா பயந்துருவாங்க."

இதை எந்தக் கையால் அந்த அம்மாவிடம் கொடுப்பது? இன்னும் வரவில்லை என்று இரண்டு நாள் பொய் சொன்னேன். மூன்றாம் நாள் மனசு பொறுக்காமல் வரச்சொல்லி ஹெட்போனைக் கொடுத்தேன். மூன்று தடவை கேட்டார். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்சுக்கிட்டிருந்தாரு? அவர் சட்டையத் தொவச்சது யாரு?" என்று சிரித்தார். சிரிப்பு நிற்காமல் போய், கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கிளம்பும்போது, "புள்ளைங்களுக்கும் இப்படியே போடுங்க. எண்ணிக்கையெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம். மொதல்ல இவர் பேசட்டும்" என்றார்.

மகளையும் கேட்டேன், சரி என்றாள். திங்கட்கிழமை போட்டேன். முடிந்ததும் அவளே கை தூக்கினாள். "வேணாம்னு சொன்னப்புறமும் ஏன் டீச்சர் எடுத்தாங்க?" குரலில் கோபமில்லை. கணக்கில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்.

அந்தப் படம் வந்த பிறகுதான் குவாரியில் முகமூடி கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம், உண்மைதானே. இயந்திர இரைச்சலில் உனக்குக் கேட்டிருக்காது என்றும் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். ஒன்பது நாளாகிறது. அவள் திரும்பக் கேட்கவில்லை, அதுதான் பாரமாக இருக்கிறது.

களைப்பாக இருக்கிறது, தம்பி. உன்மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அந்தப் படத்துக்குப் பிறகு நீ கேமராவையே தொடவில்லை என்று உன் மனைவி சொன்னாள். நான்தான் சோம்பேறித்தனம் என்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பரீட்சைக்கு முன்னால் ஒரே ஒரு பீரியட் வந்துவிட்டுப் போ. பிள்ளைகள் உன்னைக் கடித்துத் தின்றுவிட மாட்டார்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல். பக்கத்தில் நான் நிற்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு வர மனசில்லையென்றால் வீட்டுக்காவது வா. எப்படியாவது நல்லபடியாக வந்து சேர்.

உன் அக்கா