சென்னிமலை மாமா காத்திருக்கும் மருந்து

அன்புள்ள மகள் மதுமதிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு நானும் அப்பாவும் நலம், பண்ணையில் கோழிகளும் நலம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நலமில்லாதவர் சென்னிமலை மாமா ஒருவர்தான், அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் மீட்டிங்கில் இருக்கிறேன் அம்மா என்று பாதியில் வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா, எழுதி முடித்ததும் மேற்குத் தோட்டத்துத் தனப்பிரியா படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், உட்கார்ந்து முழுவதும் படி. உன் மேல் இப்போது வந்திருக்கிற கோபம் இத்தனை வருஷத்தில் எனக்கு யார் மேலும் வந்ததில்லை, உன் அப்பா மேல் கூட வந்ததில்லை.

மாமாவுக்கு நாக்கு ஓரத்தில் ஆறாத புண் இருக்கிறது என்று ஆடி மாதமே சொன்னேன், நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சேலத்தில் கொண்டுபோய்க் காட்டினோம், சதை எடுத்துப் பரிசோதனை செய்தார்கள், நாம் பயந்த வியாதியேதான். அந்த டாக்டரம்மா நல்ல மாதிரி, படம் வரைந்து காட்டினார், உடனே ஆபரேஷன் செய்தால் ஓரத்தில் கொஞ்சம்தான் எடுக்க வேண்டியிருக்கும், பேச்சு வந்துவிடும், தள்ளிப்போட்டால் பேச்சுக்கும் உயிருக்கும் நான் உறுதி சொல்ல முடியாது என்றார். உன் மாமாவின் பேச்சு உனக்குத் தெரியாதா, அவர் களத்தில் நின்று பேசினால் இரண்டு தோட்டம் தாண்டிக் கேட்கும், நம் சாதிசனத்தில் எந்தக் கல்யாணத்தில் சண்டை வந்தாலும் அவரைத்தானே பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுகிறார்கள். அந்த மனுஷன் ஆபரேஷன் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். ஏன் தெரியுமா, நீதான் காரணம். இல்லீங்க டாக்டரம்மா, எம்பட தங்கச்சி புள்ளை வெளிநாட்டுல இந்த நோவுக்குத்தான் மருந்து கண்டுபுடிச்சுட்டு இருக்குதுங்க, அது வந்துரட்டுங்க, அதுக்குள்ள நாக்கை எதுக்குங்க அறுக்கோணும் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொன்னார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் உன் நினைப்பில் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று கேட்பாய். வைகாசியில் எருமப்பட்டியில் நடந்த கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தோம், உம்பட புள்ளை என்ன ஆராய்ச்சி பண்ணுது என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். நான் என்ன சொல்வது? உன்னைக் கேட்ட போதெல்லாம் அது உனக்குப் புரியாதும்மா, செல் சம்பந்தப்பட்டது என்பாய், அதோடு சரி. அதைத்தான் சொன்னேன். எதிர் இலையில் இருந்த மெடிக்கல் ஷாப் தீனதயாளன், செல் ஆராய்ச்சின்னா கேன்சருக்குத்தானுங்க, வேற எதுக்கு அத்தனை செலவு பண்ணிக் கூட்டிட்டுப் போறாங்க என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆமாம், தலையாட்டினேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய், எனக்குத் தெரியாதுங்க, புள்ளை எங்கிட்டச் சொல்லுறதில்லீங்க என்று அத்தனை பேர் முன்னால் சொல்லச் சொல்கிறாயா? மாமா இலையை விட்டு எழுந்து நின்று எம்பட மருமவ என்று கத்தினார், சமையல்காரர் கூட எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து நானும் அப்படியே நம்பிவிட்டேன்.

மாமா ஆபரேஷனுக்கு வர மாட்டேன் என்றதும், மருந்து எப்போது வரும் என்று கேட்க உனக்குப் போன் போட்டேன், மீட்டிங். மறுநாளும் மீட்டிங். சரி என்று மேற்குத் தோட்டத்து மருமகள் தனப்பிரியாவிடம் போனேன், அவள்தான் ராசிபுரம் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். உன் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து இந்த வருஷம் அங்கே நடக்கிற ஆராய்ச்சியை எல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். யப்பா, ஒன்றா இரண்டா! ஒருத்தர் ஏதோ நட்சத்திரத்தில் இருந்து வந்த தூசியைப் பார்க்கிறாராம், ஒரு அம்மா இறால் ஓட்டை அரைத்துக் கூரை ஓடு செய்கிறாராம், பனிக்கட்டி உடையும்போது என்ன சத்தம் வருகிறது என்று ஒரு கூட்டமே உட்கார்ந்து கேட்கிறதாம், வயதானவர்கள் கட்டிலில் இருந்து எழுந்ததும் ஏன் விழுகிறார்கள் என்று ஒருத்தர், கூண்டில் முட்டையிடுகிற கோழிக்குக் கால் எலும்பு ஏன் பலமில்லாமல் போகிறது என்று ஒருத்தர். இதைக் கேட்டதும் உன் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தே விட்டார், நம்ம பண்ணைத் தொந்தரவை அங்கே எவனோ பார்க்கிறான், இவ அதையாவது எடுத்திருக்கலாம் என்றார். கேன்சருக்கென்று தனியாக ஒரு கட்டடமே இருக்கிறது, அதில் இருப்பவர்களின் பெயரைத் தனப்பிரியா இரண்டு முறை படித்தாள். உன் பெயர் இல்லை. கடைசியில்தான் உன் பெயரும் படமும் வந்தது. நீ பார்ப்பது பாசி. மழைக்காலத்தில் நம் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் மெத்தை மாதிரி படிகிறதே, அந்தப் பாசி.

எனக்குக் கோபம் பாசி மேல் இல்லை, அதை முதலில் தெரிந்துகொள். தனப்பிரியா சொன்னாள், அது வெயிலில் சருகாகக் காய்ந்து வருஷக்கணக்கில் செத்த மாதிரி கிடக்குமாம், தண்ணீர் பட்டதும் எழுந்துகொள்ளுமாம், காய்கிறபோது அதன் உள்ளே என்ன நடக்கிறது, எதைப் பிடித்துக்கொண்டு அது உயிரோடு இருக்கிறது என்பதுதான் உன் வேலையாம், அது தெரிந்தால் ஒரு காலத்தில் நம்மைப் போன்ற மானாவாரிக் காட்டுக்காரர்களுக்கும் உதவும் என்று எழுதியிருக்கிறாயாம். ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். இதையா எனக்குப் புரியாது என்றாய்? வீட்டுக்கு வந்து தொட்டிக்குப் பின்னால் கருகிக் கிடந்த பாசியின் மேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன், அடுப்பில் பால் பொங்கியது கூடத் தெரியவில்லை. விரிந்து பச்சையாகிவிட்டது சாமி. வருஷா வருஷம் பிளீச்சிங் பவுடர் போட்டு அதைத் தேய்த்துக் கழுவுகிறவள் நான், ஒரு நாளும் கவனித்ததில்லை. நீ பக்கத்தில் இருந்து காட்டியிருக்க வேண்டியது. சந்தோஷமாகத்தான் இருந்தது, அந்தச் சந்தோஷத்திலேயே அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஊர் பெயர் தெரியாத வெள்ளைக்காரர்கள் முன்னால் மேடையேறி மணிக்கணக்கில் சொல்கிறாய், பெற்றவளுக்கு நாலு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. நீ சொல்லியிருந்தால் பந்தியில் நானும் பாசி என்று சொல்லியிருப்பேன், சிரிக்கிறவர்கள் சிரித்திருப்பார்கள், உன் மாமா இந்நேரம் ஆபரேஷன் முடிந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார்.

அன்று சாயங்காலமே மாமா வீட்டுக்குப் போனேன். அண்ணா, புள்ளை பார்க்கிறது பாசியாம், மருந்து இல்லையாம், நாளைக்கே சேலம் போகலாம் என்றேன். அவர் சிரிக்கிறார்! நீ சும்மா இரு பாவாயி, பெரிய ஆராய்ச்சின்னா வெளிய சொல்லக் கூடாதுன்னு கட்டுப்பாடு இருக்கும், அதுக்குத்தான் அம்முணி பாசி கீசின்னு போட்டு வெச்சிருக்கும் என்கிறார். தனப்பிரியா வந்து சொன்னாள், அவளையும் நம்பவில்லை. சொல்லும்போதே வாய் குழறுகிறது, எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைக்கிறார். ராமாயி அத்தை சமையல்கட்டில் நின்று அழுகிறாள், உன் மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, திட்டியிருந்தால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உன் மருந்து சீக்கிரம் வெற்றியாக வேண்டும் என்று மாமா புரட்டாசி சனிக்கிழமை நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தப்போகிறாராம். தனக்குக் குணமாக வேண்டும் என்று கூட வேண்டிக்கொள்ளவில்லை மது, உனக்கு நல்ல பெயர் வர வேண்டும் என்றுதான் வேண்டியிருக்கிறார்.

அதனால் இனி நீதான் பேச வேண்டும், வேறு யார் சொன்னாலும் அவர் கேட்க மாட்டார். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எந்த மீட்டிங் இருந்தாலும் எழுந்து வெளியே போ. அவரிடம் இங்கிலீஷில் ஒரு சொல்லும் வேண்டாம், மனசு நோகுமே என்று பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுக்கவும் வேண்டாம், இழுத்தால் அவர் அதையும் மருந்து வரும் என்றுதான் எடுத்துக்கொள்வார். அங்கே மருந்து தேடுகிறவர்கள் வேறு ஆட்கள், நான் அவர்களில் ஒருத்தி இல்லை, சேலத்து டாக்டரம்மா சொன்னதைச் செய்யுங்கள் மாமா என்று சொல். அவர் உன்னைத் திட்டலாம், அழலாம், வாங்கிக்கொள். பேசி முடித்த பிறகு எனக்குக் கூப்பிடு, அப்போது நானும் இன்னும் கொஞ்சம் திட்டுவேன், அதற்கப்புறம் அந்தப் பாசி கதையை முதலில் இருந்து உன் வாயால் எனக்குச் சொல். தலைக்கு எண்ணெய் வை, காலில் கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. குலசாமி உன்னையும் உன் வேலையையும் காப்பாற்றட்டும், நீ தொட்டதெல்லாம் துளிர்க்கட்டும்.

கோபத்தோடும் அன்போடும்,
உன் அம்மா
பாவாயி

பின்குறிப்பு: உன்னிடமிருந்து போன் வரும் என்று மட்டும் மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சார்ஜ் ஏற்றிய போனை மடியிலேயே வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார், மருந்து ஆகிவிட்டது என்று நீ சொல்லப்போவதாக நினைத்துக்கொண்டு. முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். நலம் விசாரித்துக்கொண்டிருக்காதே, எடுத்ததும் முதல் வார்த்தையே பாசி என்று சொல்.