பத்தால் வகுக்காதே

மார்ச் 2

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மகாராணியே, என் மருமகளே,

நலம். நீயும் நலமாகத்தான் இருக்க வேண்டும், வேறு வழியில்லை.

நேற்று ஒரே நாளில் நாலாயிரம் பள்ளிச் சீருடை தைத்தேன். மாமா சொல்வதைப் பத்தால் வகுத்துக்கொள் என்று உன் அம்மா கற்றுக்கொடுத்தாளே, அந்தக் கணக்கு இதற்குப் போதாது. இன்னொரு முறையும் வகுத்துக்கொள்.

கடைக்கு ஏறும் படிகள் இப்போது பதினாலாயிரம் ஆகிவிட்டன. நடுவழியில் உட்கார்ந்து இரண்டு தலைமுறை ஓய்வெடுத்த பிறகே மேலே போகிறேன். எதிர்க்கடை போட்டோக்காரர் நேற்று என்னைப் பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், மூஞ்சி வெளுத்துப்போச்சு, எங்கிட்ட படம் எடுக்கவா பவுடர் போட்டீங்க?" என்றார். "அழகு தானா ஊறுதுய்யா" என்றேன்.

ஒரு ராஜ ரகசியம். துணியில் கோடு போடும் சாக்பீஸ் இருக்கிறதே, அதைத் தின்கிறேன். நீலம் சுமார், வெள்ளைதான் ருசி. கடையில் என்னோடு தைப்பவர், "எலி வந்துடுச்சு மாஸ்டர்" என்று பொறி வைத்திருக்கிறார். அந்த எலிதான் உனக்கு இப்போது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறது.

முழங்கால் வலி மாத்திரை தயவில் நிற்கிறேன். காலைக் கடனோ கன்னங்கரேல். நகராட்சிக்குத் தெரிந்தால் தார்ச்சாலை போட என்னைக் கூட்டிப்போய்விடும்.

இப்படிக்கு,
ஈரேழு உலகின் இஞ்சுடேப் சக்கரவர்த்தி,
உன் மாமா


மார்ச் 6

அன்புள்ள மாமாவுக்கு,

எலிக் கதையைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் சிரிப்பு நின்றது.

உடம்பில் இரும்புச்சத்து குறைந்துபோனால் சிலருக்கு மண், சாக்பீஸ், ஐஸ்கட்டி என்று கண்டதையும் தின்னத் தோன்றும். படியேறினால் மூச்சு வாங்கும். முகம் வெளுக்கும். மூன்றுமே உங்களுக்கு இருக்கிறது. நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். பெருக்காமல் எழுதுங்கள்.

உங்கள்,
சுண்டெலி


மார்ச் 17

சுண்டெலிக்கு, பெரிய எலி எழுதுவது.

ஹீமோகுளோபின் ஏழு (பதின்மூன்றாவது இருக்க வேண்டுமாம்). பெருக்கவில்லை. எனக்கு இரும்பு போதவில்லையாம். எட்டு கிலோ இஸ்திரிப் பெட்டியோடு முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியவனிடம் சொல்கிற பேச்சா இது? டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தார். பன்னிரண்டாம் தேதியிலிருந்து விழுங்குகிறேன், டீயோடு.

அதோடு விட்டிருக்கலாம். "ஆம்பளைக்கு இந்த வயசுல ரத்தம் சும்மா கொறையாது. எங்கயோ கசியுது. வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பாக்கணும்" என்றார். படம் எடுக்க எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே போகிறது இன்னும் கறுப்புதான். மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். "இரும்பு மாத்திரை போட்டா அப்படித்தாண்ணே போகும், பயப்படாதீங்க" என்றார். ஆக, வழக்கு தள்ளுபடி. உள்ளே பார்க்க ஒன்றும் இல்லை.

உன் அம்மாவை அந்தக் கேமரா அறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனவன் நான். புற்று என்றார்கள், மூன்று மாதத்தில் அவள் போய்விட்டாள். அந்தக் கதவுப் பக்கம் நான் வருவதாக இல்லை. வேறு ஏதாவது பேசு.

இப்படிக்கு,
இரும்பு இல்லாத இரும்பு மனிதன்


மார்ச் 21

மாமா,

ஆறு முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. இதைக் கூரியரில் போட்டோக்காரர் பெயருக்கு அனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மார்ச் இரண்டாம் தேதிக் கடிதம் என் எதிரில் இருக்கிறது. அதில் தார்ச்சாலை என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை தொடங்கியதோ பன்னிரண்டாம் தேதி. இரும்பு மாத்திரை போட்டால் கறுப்பாகப் போகும், மருந்துக்கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் மாத்திரைக்குப் பத்து நாள் முன்பே கறுப்பு எங்கிருந்து வந்தது? அது ரத்தமாக இருக்கலாம் மாமா. வயிற்றுக்குள் கசிகிற ரத்தம் அப்படித்தான் வெளியே வரும்.

தினமும் ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்ப்பவள் நான். அந்த வரியைப் பத்தால் வகுத்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். நேற்று வேலையில் ஒரு சோதனைக் குழாயைக் கீழே போட்டு உடைத்தேன்.

முழங்கால் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். அது வயிற்றை அரிக்கும். இரும்பு மாத்திரையை டீயோடு போட்டால் உடம்பில் ஒட்டாது, டீயை இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ஆனால் ஓட்டையை அடைக்காமல் இரும்பை ஊற்றி என்ன பிரயோஜனம்?

கேமராவா அம்மாவைக் கொண்டுபோனது? ஒரு வருடம் "கொஞ்சம் அசதிதான்டி" என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினாளே, அது கொண்டுபோனது. அவள் எல்லாவற்றையும் வகுத்துச் சொன்னாள். நீங்கள் பெருக்கிச் சொல்கிறீர்கள். உங்கள் இருவரிடமும் எனக்கு நிஜம் மட்டும் கிடைக்கவே இல்லை.

படித்ததும் கிளம்புங்கள். எனக்கு நீங்கள் ஒருவர்தான் மிச்சம்.

உங்கள் மருமகள்


மார்ச் 26

அன்பு மருமகளுக்கு,

போட்டோக்காரர் நின்றார். படித்து முடித்தேன், அப்போதும் நகரவில்லை. கடிதத்தைக் கேட்டு வாங்கி அவரும் படித்தார். "கெளம்புங்க மாஸ்டர், வண்டி கீழதான் நிக்குது" என்றார். வெட்டுமேசை மேல் ஒரு சட்டை பாதி வெட்டியபடி கிடந்தது. முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். கத்தரிக்கோலை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் அந்தக் கேமரா அறைக்குள் போனேன். சுவருக்கு அதே பச்சைப் பெயிண்ட்.

வயிற்றில் ஒரு புண். கசிந்தது அங்கிருந்துதான். முழங்கால் மாத்திரை செய்த வேலை போலிருக்கிறது என்கிறார்கள். கசிவை நிறுத்திவிட்டு, புண்ணின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் துணியில் சாம்பிள் வெட்டுகிறவன், நானே சாம்பிள் ஆனது இதுதான் முதல் தடவை.

"தொண்ணூறு சதவீதம் வெறும் புண்ணுதான்" என்றார் டாக்டர்.

"மீதிப் பத்து?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார். "வெள்ளிக்கிழமை பேப்பர் வந்துடும்" என்றார்.

அந்தப் பேப்பரை நான் பிரிக்கப்போவதில்லை. நீ வா. வந்து நீயே பிரித்துப் படி, என்ன இருக்கிறதோ அதை அப்படியே சொல்.

கடைப் படிகள் பதினான்குதான். உன் கூரியர் வந்த அன்று காலை ஏழாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரொம்பப் பயமாக இருக்கிறது. இதை வகுக்காதே.

மாமா