பதினொரு பத்து நிமிடங்கள்

வெண்ணி நிலையம், நிலவின் தென்முனை
எழுதுபவர்: எஸ். அன்னபாக்கியம், நிலையக் காப்பாளர்

நாள் 212. நிலைய நேரம் 09:20

கோவில்பட்டியில் நான் கணினிப் பாடம் எடுத்த காலத்தில் பேச்சித்தாய் என்ற ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒரு கேள்வி கேட்டாள். ஒரு கம்ப்யூட்டர் கெட்டுப்போனால், அதன் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் அது அங்கே எழுந்து ஓடுமா? செய்து பார் என்றேன். செய்தாள். பிழை காட்டும் நீலத் திரைதான் வந்தது. வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை, ஏன் என்று கேட்டாள்.

இன்று அந்தக் கேள்விதான் என் வேலை.

இந்த நிலையத்தின் கதவுகளையும் காற்றையும் ஆள்வது நாற்பது வருடத்துக்கு முந்தைய ஓர் இயங்குதளம். அதைப் பாடமாக நடத்தியவர்களில் இன்னும் நடமாடுகிறவள் என்பதால்தான் ஓய்வுபெற்ற என்னைத் தேடிப்பிடித்து அனுப்பினார்கள். பழைய கணினியின் வட்டு, அதாவது ஹார்டு டிஸ்க், இரண்டு வாரமாக 'டிக் டிக்' என்று சத்தம் போடுகிறது. அது நிற்பதற்குள் உள்ளே இருப்பதை அப்படியே புதிய கணினிக்கு மாற்ற வேண்டும். மாற்றும் நாளில் பதிவேட்டைக் காகிதத்தில் பென்சிலால் எழுத வேண்டும் என்பது விதி. நல்ல விதி.

காற்றழுத்தம் சரி. கரியமில வாயு அளவு சரி. வெளிக்கதவு, உட்கதவுகள் சரி.

புதிதாக வருகிறவருக்கு ஒரு விளக்கம். இங்கே கடிகாரம் வேகமாக இருக்கும், பயப்பட வேண்டாம். முதல் காப்பாளர், நம் வீடுகளில் வைப்பது போல, பத்து நிமிடம் முன்னால் வைத்தார். வடிகட்டி மாற்றும் வேலைக்கு யாரும் தாமதமாக வரக் கூடாது என்பதற்காக. பத்து நிமிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் எல்லாரும் பத்து நிமிடம் சோம்பினார்கள். அடுத்தவர் இன்னொரு பத்தைக் கூட்டினார். நான் பதினோராவது ஆள். நானும் என் பங்குக்குக் கூட்டினேன். இப்போது நிலையக் கடிகாரமும் எங்கள் கைக்கடிகாரங்களும் உண்மை நேரத்தைவிட ஒரு மணி ஐம்பது நிமிடம் முன்னால். கழித்துப் பார்ப்பது இங்கே மூச்சு விடுவது மாதிரி. யாரும் யோசித்துச் செய்வதில்லை.

10:50

ஜெபமணியும் மீரானும் பனிவண்டியில் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிறது. ஜெபமணி ஓட்டுநர், தூத்துக்குடிக்காரர். மீரான் பனியைத் துளைத்து மாதிரி எடுப்பவர், காயல்பட்டினம். இங்கே நாங்கள் மூன்று பேர்தான். அடுத்த கப்பலுக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள். உள்ளே மூச்சு விடுகிறவர்கள் குறைவாக இருக்கும்போது கணினியை மாற்றுவதுதான் நல்லது என்று நான்தான் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். அவர்களிடம் இருக்கும் காற்று 16:30 வரை.

ஜெபமணி: "டீச்சர், மேட்டுக்கு வந்துட்டோம். ஒங்க ஆப்பரேசன் எப்படிப் போவுது? பேசண்ட் உசுரோட இருக்காரா?"

நான்: "மயக்கம் குடுத்திருக்கேன் தம்பி. நீங்க பேசாம ஐஸைத் தோண்டுங்க."

மீரான்: "எங்க டீச்சர் தோண்டுறான்? காலையிலேர்ந்து உங்க முறுக்கு டப்பாவைத்தான் தோண்டிட்டு இருக்கான்."

11:55

நகல் முடிந்தது. வட்டில் பதினான்கு இடங்களை வாசிக்க முடியவில்லை. எதுவும் கதவு நிரலுக்குள் இல்லை, பார்த்துவிட்டேன். பழைய கணினியை முறையாக அணைத்தேன். கடைசியாக அது எழுதிய பதிவு 11:52. இனி புதியது எழும்வரை கதவு, காற்று எதற்கும் ஆள் இல்லை. இரண்டு மணி நேரம் தாங்கும்.

12:20

நீலத் திரை. பேச்சித்தாய் பார்த்த அதே நீலம்.

எதிர்பார்த்ததுதான். இருபது வருடம் ஒரே வீட்டில் சமைத்தவரை வேறு வீட்டு அடுக்களையில் நிறுத்தினால் என்ன ஆகும்? கை தானாக இடப்பக்கம் உப்பை எடுக்கப் போகும். அங்கே சுவர் இருக்கும். சமையல் மறக்கவில்லை, அடுக்களைதான் புதிது. இந்த இயங்குதளமும் தன் வட்டை எங்கே தேடுவது என்று பழைய கணினியின் பலகையை, மதர்போர்டை, வைத்து மனப்பாடம் செய்திருக்கிறது. புதிய பலகைக்கு வழி சொல்லும் இயக்கி நிரலை அதற்குக் கொடுக்க வேண்டும். கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

12:50

எழுந்துவிட்டது! காற்று விசிறி சுற்றுகிறது. வானொலி சரி. திரையில் மணி 11:00. எல்லாம் சரி. என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன்.

13:10

சரியில்லை.

வழக்கமான சோதனைக்காக வெளிக்கதவைத் திறக்கச் சொன்னேன். திரையில் வந்ததை அப்படியே எழுதுகிறேன்: "நேர முரண். பதிவேடு திருத்தப்பட்டிருக்கலாம். வெளிக்கதவு 24 மணி நேரத்துக்குப் பூட்டப்பட்டது. நீக்க, தயாரிப்பாளரின் சாவி தேவை."

தயாரிப்பாளர் கடையை மூடிப் பதினேழு வருடம் ஆகிறது.

13:30

கண்டுபிடித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வட்டில் இருந்த எல்லாம் இங்கே வந்துவிட்டது. கடிகாரம் வரவில்லை. அது வட்டில் இருப்பதில்லை, பலகையில் ஒரு சிறு மின்கலத்தோடு ஒட்டிக்கொண்டு தனியாக ஓடும். புதிய பலகையில் இருப்பது உண்மை நேரம். பழைய கணினி கடைசியாக 11:52 என்று எழுதிவைத்தது. புதியது எழுந்து 11:00 என்றது. கதவு நிரல் பார்க்கிறது: நேற்றைய கடிதத்தில் நாளைய தேதி. யாரோ பதிவைத் திருத்துகிறார்கள். கதவைப் பூட்டு.

திரையில் 11:00 என்று நான் பார்த்தேன். என் கையில் 12:50. என்னை உறுத்தவே இல்லை. இங்கே வந்த நாளிலிருந்து கழித்தே பார்த்த தலை, கழித்த நேரத்தை நேராகப் பார்த்ததும் சரி என்று ஆடிவிட்டது. மாணவர்களாக இருந்தால் சோதித்துவிட்டுத் தலையாட்டு என்று அனுப்பியிருப்பேன்.

14:15

கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்துப் பார்த்தேன். "நேரம் மீண்டும் மாற்றப்பட்டது" என்றது. பூட்டு அப்படியே.

பழைய கணினியை எழுப்பிப் பார்த்தேன். நான்கு தடவை. டிக், டிக், பிறகு ஒன்றுமில்லை. வட்டு சுற்றவில்லை.

அவர்களைத் திரும்பச் சொல்லிவிட்டேன்.

மீரான்: "கதவு திறக்காதுன்னா என்ன டீச்சர் அர்த்தம்? சாவியத் தொலைச்சிட்டீங்களா?"

நான்: "சாவியே இல்லாத பூட்டு மீரான். நான்தான் போட்டேன். நீங்க வந்து சேர்றதுக்குள்ள வழி பண்ணிடுறேன்."

ஜெபமணி: "டீச்சர் பண்ணிருவாவ. நீ ஏம்ல கெடந்து பதறுத? மூச்ச மிச்சம் பிடி."

14:50

வழி இருக்கிறது. கையேட்டில், எழுபத்தோராம் பக்கம்.

முறையாக அணைத்தால் பூட்டு பூட்டாகவே நிற்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் திடீரென்று போனால், விபத்து என்று எடுத்துக்கொண்டு வெளிக்கதவு தன் பிடியை விடும். வெளியே உள்ள கைச்சக்கரத்தைச் சுற்றி உள்ளே வரலாம். குடியிருப்புச் சுவருக்குள் பதித்த, கழற்ற முடியாத அவசரக் காற்றுப் புட்டிகள் இருக்கின்றன. இரண்டு பேருக்கு ஐம்பது நாள். மூன்று பேருக்கு முப்பத்து மூன்று.

மின்சாரத்தைத் துண்டிக்கும் நெம்புகோல் இந்தக் கணினி அறைக்குள், மின்கலப் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்தாலே அறைக்கதவு விழுந்துவிடும். தீ பரவாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். கயிறு கட்டி வெளியிலிருந்து இழுக்கலாமா என்று யோசித்தேன். கதவு கயிற்றை நறுக்கிவிடும். விழுந்த கதவும் அறையின் காற்று வால்வும் கணினி சொன்னால்தான் திறக்கும்.

இரண்டு பீரோ வைத்தால் நிறைந்துவிடுகிற அறை இது. ஓர் ஆளுக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். ஐந்து, கொஞ்சம் கூடவோ குறையவோ.

15:20

வந்துவிட்டார்கள். வெளியே சக்கரத்தருகில் நிற்கிறார்கள். கடைசிப் பேச்சு, மறக்குமுன் எழுதுகிறேன்.

நான்: "கதவுக்கு மேல பச்சை விளக்கு எரியுதா? அது அணைஞ்சதும் சக்கரத்தை இடப்பக்கமா சுத்துங்க. பலமா. வானொலி அப்புறம் வேலை செய்யாது."

ஜெபமணி: "சரி டீச்சர். உள்ள வந்ததும் ஒங்க கையால ஒரு டீ."

மீரான்: "டீச்சர், நீங்க அப்ப எங்க இருப்பீங்க?"

நான்: "உள்ளதான் இருப்பேன்."

மீரான்: "உள்ளன்னா? எந்த..."

நான்: "விளக்கைப் பாருப்பா."

பொய் சொல்லவில்லை. முழுதாகவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் சக்கரத்தைத் தொட்டிருக்க மாட்டார்கள். என் தவற்றுக்கு அவர்கள் வெளியே நின்று மூச்சு முட்டுவதா.

ஓடுகிற கணினியின் மின்சாரத்தைப் பிடுங்காதே என்று முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் சொன்னேன். இப்போது பிடுங்கப் போகிறேன்.

15:45

உள்ளே வந்துவிட்டார்கள். இரண்டு பேரும். சுவரில் காதை வைத்தால் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. முதலில் நடை. பிறகு ஓட்டம். பிறகு என் கதவில் ஸ்பேனரால் ஒரே அடி.

நான் பென்சில் டப்பாவால் திருப்பித் தட்டினேன்.

அதற்குப் பிறகு நிறையத் தட்டினார்கள். கோபமாகத் தட்டுவது ஜெபமணியாகத்தான் இருக்க வேண்டும்.

16:35

மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தேன். புதிய கணினி எழவில்லை. எழுதிக்கொண்டிருந்தபோது பிடுங்கியதில் ஒரு கோப்பு பாதியில் நிற்கிறது. தொடங்குவதற்கே தேவையான கோப்பு. அதன் முழு வடிவம் இருப்பது ஒரே இடத்தில், பழைய வட்டில்.

கோப்புகளை நகல் எடுக்க மட்டும் தெரிந்த மீட்பு நிரல் ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்த ஒரு கோப்பு கிடைத்தால் கணினி எழும். பூட்டு இருபத்து நான்கு மணி நேரமும் நிற்கும், அதுவரை கணினி எந்தக் கதவையும் திறக்காது, இந்த அறைக்கதவும் நாளைதான். ஆனால் வால்வு திறக்கும். காற்று வரும்.

அந்தப் பக்கம் ஏதோ இரும்பை வைத்து நெம்புகிறார்கள். நெம்ப முடியாது தம்பிகளா. வெற்றிடத்தையே தாங்கச் செய்த கதவு அது. அறுக்கும் கருவி கப்பலில்தான் வரும்.

18:05

வட்டைக் கழற்றி வெளிச்சுவரோடு ஒட்டிவைத்திருக்கிறேன். சுவரில் உறைபனி பூத்திருக்கிறது. குளிரில் உலோகம் சுருங்கும், இறுகிப்போன வட்டு சில சமயம் கொஞ்ச நேரம் சுற்றும். பள்ளியில் ஆய்வகத்து வட்டை அறிவியல் ஆசிரியரின் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு தடவை பிழைக்கவைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாமல்.

தலை வலிக்கிறது. மூச்சு வேகமாக வருகிறது. உட்கார்ந்தே இருக்கிறேன். பேசவில்லை, பாடவில்லை.

கால் மணிக்கு ஒரு தடவை அங்கிருந்து ஒரு தட்டு. நான் ஒரு தட்டு.

19:30

மாட்டினேன். சுற்றவில்லை.

மறுபடி குளிரில்.

கையெழுத்து கோணுகிறது, மன்னிக்கவும்.

20:05?

சுற்றுகிறது. சுற்றுகிறது. சத்தம் சரியாக இல்லை, ஆனால் சுற்றுகிறது. கோப்பு தெரிகிறது. மீட்பு நிரலிடம் நகல் எடுக்கச் சொன்னேன். நூற்றுக்குப் பன்னிரண்டு.

முப்பத்தொன்று.

அந்தப் பக்கத்துத் தட்டு வந்தது. பதில் தட்டக் கை கொஞ்ச நேரம் எடுத்தது. உடனே ஐந்தாறு தட்டு. பயந்துவிட்டார்கள்.

ஜெபமணி, மீரான், இது உங்கள் தவறு இல்லை. மீரானை வையாதே ஜெபமணி, நான் எங்கே இருப்பேன் என்று அவன் கேட்கத்தான் செய்தான். நான்தான்

ஐம்பத்தெட்டு. வட்டு டிக் என்கிறது

ஐம்பத்தெட்டு

ஐம்பத்தெட்டிலேயே நிற்கிறது. நிற்கட்டும். சில கோப்பு அப்படித்தான், ஒரு இடத்தில் நின்று யோசிக்கும், பிறகு போகும். மெதுவாகப் படிக்கிற பிள்ளையை அவசரப்படுத்தக் கூடாது

திரை மங்கலாக. அறுபது போல இருக்கிறது. எட்டா, பூஜ்யமா

கதவுக்கு இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன். டப்பா கையில்தான்

கப்பலில் வருகிறவரே. கருவியை எடுத்து அறுப்பதற்கு முன்னால் கதவை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.