அக்கா கேட்ட மாத்திரை

அடி அண்ணாமலை,
12.8.2025

என் செல்லத் தங்கை அருணாதேவிக்கு,

அக்கா உண்ணாமலை எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் சொல் நழுவிப்போகிறது. நீயும் "சொல்லுக்கா, சொல்லுக்கா"ன்னு பறக்கிறாய். காகிதம் பறக்காது, அதனால் இனிமேல் கடிதம்தான்.

பௌர்ணமியன்று டீக்கடையை மகள் கவிநிலாவிடம் விட்டுவிட்டுக் கிரிவலம் கிளம்பினேன். எதிரில் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஒரு அம்மாள், "ஏம்மா, எதிர்த்தாப்புல வர்றீங்களே?"ன்னு கேட்டாள். அப்போதுதான் பார்க்கிறேன், வலப்பக்கம் இருக்க வேண்டிய மலை எனக்கு இடப்பக்கம் நிற்கிறது! கல்யாணமாகி வந்ததிலிருந்து சுற்றுகிற மலை. வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நடுரோட்டில் அழுதுவிட்டேன்.

போன வருஷம் உனக்குக் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்த பிறகு ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்களே, அதைப் போட்டதும் தலை தெளிந்தது என்றாயே. எனக்கும் நாற்பது வயதில் அதே ஆபரேஷன்தானே? ஓர் அட்டை அனுப்பிவை. கவிநிலாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் அக்கா,
உண்ணாமலை

வேலூர்,
20.8.2025

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் டாக்டரிடம் ஓடினேன். "உங்களுக்கு ஆபரேஷன் ஆன உடனே ஆரம்பிச்சோம். அக்காவுக்கு அறுபத்திரண்டு ஆச்சு. இத்தனை வருஷம் கழிச்சு ஆரம்பிச்சா ஞாபகத்துக்கு நல்லது பண்ணாது, கெடுதல்கூட ஆகலாம்"ங்கிறார்.

"அப்பவே குடுத்திருந்தா?" என்றேன். "குடுத்திருக்கணும். ஆனா அதனாலதான் இந்த மறதின்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா."

ஒரே மாத்திரை எனக்கு மருந்து, உனக்கு ஆகாது. போனபோது இருந்ததைவிடத் திரும்பி வரும்போது எனக்குக் குழப்பம் ஜாஸ்தி. முதலில் உனக்குத் தைராய்டு, சர்க்கரை, பி-12 எல்லாம் பார்க்கச் சொல்கிறார். மாத்திரையை அனுப்ப மாட்டேன் அக்கா. கோபப்படாதே.

உன் அருணா

அடி அண்ணாமலை,
27.8.2025

அருணாவுக்கு,

அன்று ஆபரேஷன் முடிந்ததும் எனக்குக் கால்சியம் மாத்திரை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பு தீயாய் எரியும். ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டு படுப்பேன். "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான்"னு சொன்னார்கள். ஹார்மோன் மாத்திரை ஆரம்பிக்க ஒரு நேரம் உண்டு என்று யாருமே சொல்லவில்லை. அது போன பிறகு இப்போது நீ சொல்கிறாய்.

நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை நீ. ஓர் அட்டை கேட்டேன், கொடுக்க மனம் வரவில்லை. இனி எழுதாதே.

உண்ணாமலை

வேலூர்,
18.9.2025

அக்கா,

எழுதாதே என்றாலும் எழுதுகிறேன். நான் என் மாத்திரையை நிறுத்திவிட்டேன். வாயருகே கொண்டுபோனால் நீ நடுரோட்டில் அழுவதுதான் தெரிகிறது. வகுப்பில் பிள்ளைகள் பெயர் வாய்க்கு வர மறுக்கிறது. திடீர் திடீரென்று வேர்த்துக் கொட்டுகிறது. இருக்கட்டும். உனக்குக் கிடைக்காதது எனக்கு மட்டும் எதற்கு? நான் செய்வது சரியா, தப்பா என்றும் தெரியவில்லை. ஒரு வரி எழுது அக்கா.

அருணா

அடி அண்ணாமலை,
9.10.2025

அடி அசடே,

உன்னைத் திட்டத்தான் எழுதுகிறேன். கவிநிலாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எல்லா டெஸ்டும் எடுத்தாள். பி-12 ரொம்பக் கம்மியாம், ஊசி போடுகிறார்கள். கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம் என்கிறார்கள். இந்தப் பௌர்ணமிக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். மலை வலப்பக்கம்தான் இருந்தது.

உன் மீது கோபப்பட்டது பொறாமையில்தான். எனக்கு நேரம் போய்விட்டது, போகட்டும். உன்னுடையது இன்னும் கையில் இருக்கிறது. எனக்காக அதையும் கோட்டை விடாதே. நாளைக்கே டாக்டரைப் பார், கேட்டு மறுபடி ஆரம்பி. நான் உன் பெயரைத் தேடுகிற நாள் வந்தால், சொல்லித்தர உனக்காவது ஞாபகம் இருக்க வேண்டாமா?

இதையே போன வாரமும் எழுதினேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. எழுதியிருந்தால், இரண்டு தடவை திட்டு வாங்கியதாக வைத்துக்கொள்.

உன்னைத் தூக்கி வளர்த்த
அக்கா