மிதக்கும் தண்ணீருக்கு இரண்டு மதிப்பெண்

ஜூலை 3

தங்கைக்கு,

நலம் விசாரிக்கத் தேவையில்லை. நீ மிதப்பதைத் தினமும் டிவியில் பார்க்கிறோம்.

விண்வெளி நிலையத்திலிருந்து நீ பள்ளிகளுக்கு எடுத்து அனுப்பும் படங்களில், தண்ணீர் உருண்டைப் படத்தை ஒன்பதாம் வகுப்புக்குப் போட்டேன். தண்ணீரை ஊதி ஊதி உருட்டினாய், அழகுதான். கூடவே, "இங்க ஈர்ப்பு விசையே கிடையாது, அதான் எல்லாம் மிதக்குது" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாய். தரையில் இருக்கும் ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் இருக்கிறது. நிலையத்தோடு சேர்ந்து நீயும் விழுந்துகொண்டே இருப்பதால்தான் மிதக்கிறாய். இது உனக்குத் தெரியாதா?

தேர்வில், தண்ணீர் அங்கே ஏன் மிதக்கிறது என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு முப்பத்தெட்டுப் பிள்ளைகள் உன் வசனத்தை அப்படியே எழுதினார்கள். இரண்டு மதிப்பெண்ணையும் வெட்டினேன். பெற்றோர் படையெடுத்து வந்துவிட்டார்கள். "மேல போய் இருக்கிறவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்கிறார் தலைமையாசிரியை. வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பில் மன்னிப்புக் கேட்டு மதிப்பெண் போடாவிட்டால் அறிவியல் பாடத்தை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்களாம். தவறு உன்னுடையது என்று அவருக்கு எழுது.

அண்ணன்

ஜூலை 5

அண்ணா,

என்னை நாலு பேர் பாராட்டினால் உனக்குப் பொறுக்காது. கிளம்பும் முன் நான் வீட்டுக்கு எழுதிய கடிதத்தையே சிவப்பு மையால் திருத்தி அனுப்பியவன் நீ. திரும்பி வருவேனோ மாட்டேனோ என்று பயந்து எழுதிய கடிதம் அது.

படம் மூன்றே நிமிடம். பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். தலைமையாசிரியைக்கு எழுதிவிட்டேன், ஆனால் நீ கேட்டதை அல்ல. "அண்ணன் கொஞ்சம் பிடிவாதக்காரர், மதிப்பெண்ணைப் போட்டுவிடுங்கள்" என்று எழுதினேன்.

தங்கை

ஜூலை 12

விண்வெளி வீராங்கனைக்கு,

தலைமையாசிரியைக்கு நீ எழுதிய கடிதத்தை ஆசிரியர்கள் அறையில் உரக்கப் படித்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

மன்னிப்புக் கேட்கத்தான் வகுப்புக்குப் போனேன். இரண்டாம் பெஞ்சுப் பெண் எழுந்து, "ஈர்ப்பே இல்லன்னா அந்த நிலையம் ஏன் சார் பூமியவே சுத்துது? நேரா போயிடாதா?" என்று கேட்டாள். என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. மணி அடிக்கும்வரை விளக்கினேன். "உங்க தங்கச்சியே இல்லன்னு சொன்னாங்களே சார்" என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

இருபத்திரண்டு வருஷம் அறிவியல் எடுத்தவன், திங்கள் முதல் நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போடுகிறேன். இப்போது திருப்திதானே?

அண்ணன்

ஆகஸ்ட் 1

அண்ணா,

அன்று ஆத்திரத்தில் எழுதிவிட்டேன். புதுப் படம் ஒன்று எடுத்து அனுப்பியிருக்கிறேன். முன்பு சொன்னது தவறு என்று கேமரா முன்னாலேயே ஒப்புக்கொண்டு, நாங்கள் எப்படி விழுந்துகொண்டே இருக்கிறோம் என்று காட்டியிருக்கிறேன். தலைமையாசிரியைக்கும் எழுதிவிட்டேன். பார்த்துவிட்டுப் பதில் போடு.

உன் தங்கை

ஆகஸ்ட் 9

தங்கைக்கு,

படம் வந்தது. புது ஆசிரியர் வகுப்பில் போட்டார். நூலகத்துக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரு சுவர்தான். உன் குரல் முழுதும் கேட்டது. ஒரு சொல்கூடத் தப்பில்லை. அன்று நான் அதே பிள்ளைகளுக்குச் சொன்ன அதே விளக்கம். முடிந்ததும் கைதட்டினார்கள்.

தலைமையாசிரியை வந்து, "உங்க தங்கச்சிக்கு எவ்ளோ பெரிய மனசு பாத்தீங்களா சார்" என்றார். என் வகுப்பைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். நான் சொன்னது உண்மை என்று ஆவதற்கு, நீ வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் முன்னால் இனி எந்த முகத்தோடு நிற்பேன்?

எனக்கு எழுதாதே.

நூலகப் பொறுப்பாளர்