பத்துக்கு நாலு, கவனம் தேவை

ஜூலை 4, வெள்ளி

தொண்டை கட்டிப்போச்சு. ஆனா என்ன ஒரு வகுப்பு! வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில் எட்டாம் வகுப்புக்கு நான் நடத்தும் விவாத நேரம். இன்றைய தலைப்பு, வீட்டுப்பாடம் தேவையா? வேண்டும் கட்சியில் முதல் வரிசைக்காரிகள் அத்தனை பேரும். வேண்டாம் கட்சிக்கு எழுந்தவள், போன வருஷம் பூரா வாயே திறக்காத அந்தக் கண்ணாடிக்காரப் பெண். "மிஸ், வீட்டுப்பாடம் எழுதும்போது நான் யோசிக்கிறதே இல்ல. முடிச்சாப் போதும்னுதான் எழுதுறேன். அப்ப அது எதுக்கு?"

வகுப்பில் ஒரு கைதட்டல் பாரு, கூரையே பிச்சுக்கிட்டுப் போயிருக்கும். எனக்குப் புல்லரித்துவிட்டது. நடுவர் நான்தானே, வேண்டாம் கட்சிக்கே வெற்றி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

தீர்ப்பை நிஜமாகவே எடுத்துக்கொண்டார்கள்! முப்பத்தாறு பேரில் ஒருத்தர்கூடக் கணக்கு வீட்டுப்பாடம் செய்யவில்லை. "தமிழ் மிஸ் தீர்ப்புச் சொல்லிட்டாங்க சார்" என்றார்களாம், கோரஸாக.

கணக்கு சாருக்குப் பிள்ளைகள் வைத்த பேர் நூத்துக்கு நூறு. தொண்ணூத்தொன்பது வாங்கினாலும் முறைப்பார். ஆசிரியர் அறைக்கு வந்து, வெறும் நோட்டுக்கட்டை என் மேசையில் தொம்மென்று போட்டார். "எதிர்த்துப் பேசக் கத்துக்கொடுக்க ஒரு பீரியட் வேறயாம்மா? வீட்ல பேசுறது பத்தாதா?" சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

ஜூலை 8, செவ்வாய்

சிரித்தது போதும். அஞ்சாறு பெற்றோர் நேராகத் தாளாளருக்கே போன் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடமே அவருடையது. விவாத நேரத்தை நிறுத்திவிடலாமா என்று எல்லா ஆசிரியரிடமும் கருத்துக் கேட்கிறாராம். படிவத்தில் பேர் எழுத வேண்டாமாம். அப்படியே நிர்வாகத்தைப் பற்றியும் மனம் திறந்து எழுதலாமாம். வியாழன் மாலைக்குள் அலுவலகப் பெட்டியில் போட வேண்டும்.

மூணு வருஷமா நான் தற்காலிகம். நிரந்தர உத்தரவு இந்த வருஷம் வரணும். வாயை மூடிக்கிட்டு ஒழுங்கா இருக்கலாம்தான். இருப்பேனா?

ஜூலை 9, புதன்

இருக்கவில்லை. முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாம் எழுதிவிட்டேன். "நிர்வாகம் கடைசியாக வகுப்பறைக்குள் வந்தது ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தபோது. ஒரு பிள்ளை கேள்வி கேட்டதற்குப் பள்ளிக்கூடமே பயப்படுகிறது என்றால், கோளாறு பிள்ளையிடம் இல்லை." ஆகா! கையெழுத்து தெரியக் கூடாதென்று எல்லா எழுத்தையும் குண்டு குண்டாகப் போட்டேன். மதியமே, முதல் ஆளாகப் பெட்டிக்குள். என் சாமர்த்தியம் யாருக்கு வரும்?

அதே நாள், சாயந்திரம்

ஐயோ.

கை கழுவும்போது பார்க்கிறேன், விரலில் சிவப்பு மை. கருத்தை நீலத்தில்தானே எழுதினேன், சிவப்பு எங்கேயிருந்து வந்தது? குழாயடியிலேயே நின்றுவிட்டேன். படிவத்தைத் திருத்தியிருக்கேன்! "கருத்து கேட்பு படிவம்" என்று இருந்ததில் ஒரு க், ஒரு ப் சேர்த்திருக்கேன். "நிர்வாகத்திர்க்கு" — சுழிச்சிருக்கேன். "முயற்ச்சி" — அடிச்சிருக்கேன். மொத்தம் பதினொன்னு. மேல மதிப்பெண் வேற! பத்துக்கு நாலு, கவனம் தேவை. தெரிஞ்சா செஞ்சேன்? கை பாட்டுக்குச் செஞ்சிருக்கு. இந்தப் பள்ளிக்கூடத்துல தமிழ் மிஸ் நான் ஒருத்திதான்! பேர் எழுதியிருந்தாக்கூடக் கொஞ்சம் சந்தேகம் மிஞ்சியிருக்கும்.

பெட்டிக்குப் பூட்டு. சாவி ஹெச்.எம். அம்மாவிடம். ஆசிரியர் அறையில் எல்லாரிடமும் புலம்பித் தீர்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கணக்கு சார் மட்டும் சிரிக்கவில்லை, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நம்ம கல்யாணப் பத்திரிகையையே திருத்தி எங்கப்பாகிட்ட நீட்டினவதானே நீ" என்கிறார். ஆறுதலாம்!

ஜூலை 10, வியாழன்

வேலை போனா என்ன பண்ணுவேன்? அதைவிட, வெள்ளிக்கிழமை விவாதம் போயிட்டா அந்தக் கண்ணாடிக்காரி மறுபடி எங்கே வாயைத் திறப்பா?

ஜூலை 11, வெள்ளி

காலையிலேயே ஹெச்.எம். அம்மா கூப்பிட்டுவிட்டார். போனேன். படிவங்களை மேசை நிறையப் பரப்பி வைத்திருந்தார். பத்தொன்பது. பார்க்கிறேன் — பத்தொன்பதிலும் சிவப்பு! ஒவ்வொன்றின் தலையிலும் பத்துக்கு நாலு, கவனம் தேவை!

"யாரு பண்ண வேலைன்னு தாளாளர் கேட்டாரு. பத்தொன்பது பேரும்னு சொன்னேன். அத்தனை பேருக்குமா விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவாரு?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரொம்பப் பூரிக்காதீங்கம்மா. பி.டி. சார் 'ஆசிரியர்' நடுவுல ஒரு க் சொருகியிருக்காரு. சரியா இருந்த 'பயிற்சி'யைக் கணக்கு சார் 'பயிற்ச்சி' ஆக்கியிருக்காரு. பதினொன்னையும் சரியாத் திருத்தினது ஒன்னே ஒன்னுதான். அது யாருதுன்னு கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேணுமா?"

மாட்டினேன் என்று நினைத்தேன். அவர் நிதானமாகப் படிவங்களை அடுக்கிக் கட்டினார். "நல்லவேளை, தாளாளருக்கு அந்த அளவுக்குத் தமிழ் வராது. படிவத்தை எழுதினதே அவருதானே."

விவாதம் வேண்டும், பதினாறு. வேண்டாம், மூன்று. பதினாறு!

ஆசிரியர் அறைக்கு ஓடினேன். சிவப்புப் பேனா ஒரு டப்பா வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்ததே கணக்கு சாராம். "நீங்களா சார்?" என்றேன். தலையைத் தூக்காமல் சொன்னார்: "நான் வேண்டாம்னுதான் எழுதினேன். ஆனா கருத்தையும் கேட்டுட்டு, சொன்னவங்க கழுத்தையும் பிடிச்சா அது தப்புக் கணக்கும்மா."

ஜூலை 14, திங்கள்

சுற்றறிக்கை வந்தது. விவாத நேரம் தொடரும். ஆனால் எட்டாம் வகுப்பில் மட்டுமல்ல, எல்லா வகுப்பிலும்! அந்தந்த வகுப்பாசிரியரே நடத்த வேண்டும். இது பரிசா, பழிவாங்கலா? எல்லாரும் என்னை முறைத்த முறைப்பில் நான் பொசுங்கிப் போகாதது ஆச்சரியம்.

நிரந்தர உத்தரவு? ஹெச்.எம். அம்மா கையை விரித்துவிட்டார். அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார். வலிக்குது. இல்லேன்னு எழுத மாட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

கடைசிப் பிரிவேளை. என் வகுப்பு அனல் பறந்துகொண்டிருந்தது. வாசலில் கணக்கு சார், சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூள், மூச்சு வாங்குகிறது. "ஒரு நிமிஷம் வெளிய வாங்கம்மா." ஏதோ அடிதடி என்று பதறிப் போனேன்.

"என் ஏழாம் வகுப்பு வாண்டு ஒன்னு கேட்குது. மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் சார் பிளஸ் வருதுன்னு. இருபத்திரண்டு வருஷமா, வரும், அவ்வளவுதான்னு சொல்லியே ஓட்டிட்டேன். இன்னிக்கு அது விடவே மாட்டேங்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"புரியுற மாதிரிச் சொல்ல எனக்கே தெரியலைன்னு சொல்லிட்டேன்."

முகமெல்லாம் சிரிப்பு. இந்த மனிதருக்கு இத்தனை பல் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். "திங்கட்கிழமை வரைக்கும் டைம் கேட்டிருக்கேன். கொடுத்திருக்காங்க" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் வகுப்புக்குத் திரும்பி ஓடிவிட்டார்.