நெஞ்சில் உட்கார்ந்த காற்று

அனுப்புநர்:
குர்சானி (முன்பு மீன் பிடித்தவன்),
ஆற்றோரச் சந்து, தாண்டிங் ஹுலு கிராமம்,
மத்திய காலிமந்தான்.

பெறுநர்:
மாவட்டத் தலைவர் அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: சுகாதார நிலையத்தின் ‘புகை கூடாது’ பலகையைப் எண்ணெய்ப்பனைத் தோட்ட எல்லையில் நடக் கோருதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு நோர்லைலா எழுதுகிறாள்.

1. போன வறட்சியில் என் மனைவி மஸ்னியா அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். காற்று நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது என்று எங்கள் வழக்கப்படி எண்ணெய் தடவி, நாணயத்தால் முதுகைச் சுரண்டினோம். காற்று எழவில்லை. படகில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

2. இதயத்து இரத்தக்குழாய் அடைப்பு என்றார் மருத்துவர். புகை குழாயைக் கெடுக்கும், இரத்தத்தை உறைய வைக்கும். அது சிகரெட் புகையா, காட்டுப் புகையா என்று குழாய் பார்ப்பதில்லை என்றார். அவள் புகைத்ததில்லை, நான் புகைத்தவன். என் கிராம்புச் சிகரெட்டை மருத்துவமனை வாசலிலேயே நசுக்கினேன். “பொண்டாட்டிக்குப் பயந்து நம்ம குர்சானி பால்குடிப் பிள்ளையாயிட்டாரு” என்று படகுத்துறையில் கேலி. பொறுத்துக்கொண்டேன்.

3. தோட்டத்தார் கால்வாய் வெட்டி நீரை வடித்த, மக்கிய வேரும் மரமுமான கரிமண் இந்த வறட்சியிலும் பற்றிக்கொண்டது. மேலே தீ தெரியாது, வேர்வழியே நடக்கிறது. இப்போது காற்று ஊரின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தச் சொல்லி ஒலிபெருக்கி வருகிறது. எங்களுடையது பலகை வீடு. ஜன்னலைச் சாத்தலாம், இடுக்கை எப்படிச் சாத்துவது? மஸ்னியா படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்குகிறாள்.

4. முன்பு நான் சிகரெட்டோடு சுகாதார நிலையத்தில் நுழைந்தபோது தாதியம்மா பலகையைக் காட்டி, “பெரியவரே, படிக்கத் தெரியாட்டி பரவால்ல, அணைச்சிட்டு உள்ள வாங்க” என்றார். அணைத்தேன். நேற்று மாத்திரைக்குப் போனேன். புகையில் வாசலிலிருந்து பலகையே தெரியவில்லை. அதே தாதியம்மா முகமூடிக்குள் இருமிக்கொண்டிருந்தார். “இதை யாரும்மா அணைக்கிறது?” என்று கேட்டேன். “மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் குடுங்க” என்றார்.

5. தங்களுக்கு முன்பிருந்த தலைவரிடமும் மனு கொடுத்தேன். மழை வரட்டும் என்றார். மழை வந்தது. மனு நனைந்துவிட்டதோ என்னவோ, பதில் வரவில்லை.

ஆகவே, என்னை அணைக்கச் சொன்ன பலகையைத் தோட்டத்துக் கால்வாய் முகப்பில் நட்டு, அங்கும் அதே சட்டத்தைச் செல்லுபடியாக்க வேண்டுகிறேன். அது ஆகாதென்றால், புகை நுழையாத அறை ஒன்றில் மஸ்னியாவுக்கு இடம் தர வேண்டுகிறேன். அதுவும் ஆகாதென்றால், மழை வருமென்று மட்டும் பதில் எழுத வேண்டாம். “மழை வாசம் வருதாங்க?” என்று அவள் தினமும் கேட்கிறாள். வருகிறது என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இடம்: தாண்டிங் ஹுலு
நாள்: 9 அக்டோபர் 2023

தங்கள் ஆளுகைக்குள் மூச்சு விடுபவன்,
குர்சானி
(இடது பெருவிரல் ரேகை)